டொக்டரின் விரல் அகலம்

திருகோணமலை,
12.08.1978

அன்புள்ள ரபீக்கா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி லைலா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் அருளால் இங்கு எல்லோரும் நலம், மகள் ஸல்ஹாவின் வயிற்றைத் தவிர. உங்கள் கடிதத்துக்கு ஒரு மாதம் பிந்திப் பதில் எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். அளந்துகொண்டிருந்தேன்.

பிள்ளைக்குச் சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்று கொழும்புக் கிளினிக்கில் சொன்னது உங்களுக்குத் தெரியும்தானே. இந்தப் பிறவி வருத்தத்தில் சளியைப் போலப் பித்தமும் தடித்து ஈரலுக்குள் வழியை அடைக்கலாமாம். ஜூன் மாதம் டொக்டர் தொட்டுப் பார்த்து, "ஈரல் விலாவுக்குக் கீழே ஒரு விரல் அகலம் தெரியுது, பயப்படாதீங்கோ, டிசம்பரில் பார்ப்போம்" என்றார். பீ.ஏ. படித்த எனக்கு, யாருடைய விரல் என்று கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் நான் அளந்தால் ஒன்றரை. துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் பிடிக்கிற இவருடைய தடித்த விரலால் முக்கால். மாமியின் விரல் மெலிவு, இரண்டு வந்தது. அன்றைக்கே வீட்டில் அழுகை தொடங்கிற்று.

மாமி உடனே பிள்ளைக்கு எண்ணெய், உப்பு, தேங்காய்ப்பால் எல்லாம் நிப்பாட்டச் சொல்லிக் கீழ்க்காய்நெல்லிச் சாற்றோடு வந்து நிண்டா.

"மாமி, டொக்டர் நெய்யும் உப்பும் கூடக் குடுக்கச் சொன்னவர். சாப்பாட்டோட சமிபாட்டுத் தூள். கேளாம நாட்டு மருந்து குடுத்தா ஈரலுக்குத்தான் ஆபத்தாம்."

"ஈரல் கண்ட வீட்டில பத்தியம் இல்லாம ஏலாது புள்ள. ஆராவது இருக்கத்தான் வேணும்!"

"ஆராவதெண்டா?"

மாமி திரும்பித் தன் மகனைப் பாத்தா.

ஒரு மாதமா இவருக்கு உப்பில்லாக் கஞ்சி, விடிய ஒரு கோப்பைச் சாறு. பக்கத்துக் கதிரையில ஸல்ஹா நெய்ச்சோறு தின்னுறா. "வாப்பா, ஒரு வாய் தரட்டா?" எண்டு கேட்டா, குசினியிலிருந்து மாமி, "றஊப்! புள்ளட ஈரலை நினைச்சுக்க!" இப்ப இவருடைய ஈரல்தான் அளக்காமலே தெரியுது.

சிரிக்காதீங்க ராத்தா. விடிஞ்சா என்ர முதல் வேலை பிள்ளையின் கண்ணை விரித்து, மஞ்சளா எண்டு பாக்கிறது. டிசம்பர் வரைக்கும் என்னால் ஏலாது. நீங்கள் கொழும்பில், மருதானையில்தானே. காய்ச்சல் எண்டு அந்த டொக்டரிட்டப் போய், கதையோட கதையா அவருடைய சுட்டுவிரலைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி அனுப்புங்கோ. ஏலுமெண்டா நடுவிரலும்.

மச்சானுக்கு ஸலாம். அல்லாஹ் உங்கள் வீட்டார் எல்லோருடைய ஈரலையும் இருக்கிற இடத்திலேயே வைப்பானாக.

இப்படிக்கு,
லைலா

பி.கு.: உறை ஒட்டப் போகேக்க பாத்தா, ஜூனில் டொக்டர் மருந்து எழுதித் தந்த துண்டுக் கடதாசியின் மறுபக்கத்திலும் எழுத்து: "கண் மஞ்சளானால், மலம் கறுத்தால், இரத்த வாந்தி எடுத்தால் உடனே கொண்டுவரவும். மற்றபடி வீட்டில் ஒருவரும் வயிற்றை அமுக்கி அளக்க வேண்டாம்." ஆகவே நீங்கள் போக வேண்டாம். அளவை நிப்பாட்டியாச்சு, இவருக்கும் நெய்ச்சோறு போட்டாச்சு. பத்தியத்தைப் பாதியில விடக் கூடாதாம், மிச்சத்தை என்னை இருக்கச் சொல்றா மாமி. இருக்கிறன். சாறு சரியான கைப்பு. அந்தப் பக்கம் ஏதும் அலுவல் இருந்தா மட்டும், விரலை ஒருக்காப் பாருங்கோ.