கண்ணைத் தேடிப் பிடிக்கிற கேமரா

ஸ்டுடியோக்காரர் சபதம் எடுத்தது குளியலறையில. அந்த வீட்டுல அவர் குறுக்கீடு இல்லாம பேசக்கூடிய ஒரே இடம் அதுதான். முகத்துல பாதிக்கு சோப்பு நுரை, கையில ரேசர். கண்ணாடியப் பார்த்து, "இந்த மாசம் முடியறதுக்குள்ள புது மாடல் வாங்கியே தீருவேன். யார் தடுத்தாலும் சரி"ன்னு சொன்னாரு. கண்ணாடியில இருந்தவரும் அதையே சொன்னாரு. எதிர்ப்பு எதுவும் வரல. அந்தத் தைரியத்துல மீதி பாதியையும் வழிச்சுட்டு வெளிய வந்தாரு.

"உள்ள யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?"ன்னாங்க சம்சாரம்.

"பேசல. பாடினேன்."

"பாட்டுல மாடல், மாசம்னெல்லாம் வந்துச்சே?"

"புதுப் பாட்டு."

கீழ ஸ்டுடியோ, மேல வீடு. பதினாறு வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்துதான் தொழில் பண்றாங்க. அவர் எடுப்பாரு, அவங்க முடிப்பாங்க. முடிக்கிறதுன்னா லேசுப்பட்ட வேலை இல்ல. முகப்பருவ எடுக்கணும், கோணல் டையை நேராக்கணும், கண்ணுக்குக் கீழ இருக்குற கருப்பை அழிக்கணும். வழுக்கைக்கு முடியும் வெச்சுக் கொடுப்பாங்க. அவங்க புண்ணியத்துல முடி முளைச்சவங்க அந்தத் தெருவுல மட்டும் பதினோரு பேரு. எதிர்ல சலூன் வெச்சிருக்கறவர் அவங்களப் பார்த்தா முகத்தத் திருப்பிக்குவாரு.

கம்ப்யூட்டர் பக்கம் ஸ்டுடியோக்காரர் போகவே மாட்டாரு. "பட்டனை அமுக்கினதோட என் கலை முடிஞ்சுது. மிச்சம் எல்லாம் கூலி வேலை"ன்னு ஒருநாள் வாய் தவறிச் சொல்லிட்டாரு. அன்னிக்கு ராத்திரி அவரே தோசை ஊத்திக்கிட்டாரு.

அந்தக் கம்ப்யூட்டர் சம்சாரத்தோட பெரிய துயரம். ஆன் பண்ணினா மாவு மில்லு மாதிரி சத்தம் போடும். ஒரு படத்தத் திறக்கச் சொல்லிட்டு காய்கறி நறுக்கப் போயிடுவாங்க. நறுக்கி, தாளிச்சு, அடுப்ப அணைச்சுட்டு வந்து பார்த்தா படம் கழுத்து வரைக்கும் வந்திருக்கும். போன வருஷம் மாத்தலாமான்னு கேட்டாங்க. "ஓடுதுல்ல? ஓடுற வரைக்கும் ஓடட்டும்"னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் அவங்க அந்தப் பேச்சையே எடுக்கல. எடுக்காம இருந்ததப் பார்த்து அவர் கொஞ்சம் பயந்திருக்கணும்.

பீரோவுல ஒரு கவர் இருந்துச்சு. ரெண்டு பேரும் சேர்த்தது. அதுல ஒரு பொருள் வாங்கலாம். ஒண்ணே ஒண்ணு.

காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், மூணு வாரமா சட்டைப் பையில மடிச்சு வெச்சிருந்த விளம்பரத் தாளை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்துல விரிச்சாரு.

"இது மிரர்லெஸ் கேமரா. புது மாடல்."

"மிரர்லெஸ்னா?"

"உள்ள கண்ணாடி கிடையாது."

"இல்லாத கண்ணாடிக்கா இவ்வளவு விலை?"

"இப்ப நம்மகிட்ட இருக்குறதும் கண்ணாடி இல்லாததுதான்மா."

"அப்ப இல்லாததையே ரெண்டாவது தடவ வாங்கணுமா?"

ஸ்டுடியோக்காரர் தண்ணி குடிச்சாரு. ஆரம்பமே சரியில்ல. நேரா முக்கியமான விஷயத்துக்கு வந்தாரு.

"இது கண்ணைத் தானாவே தேடிப் பிடிச்சுக்கும். எதிர்ல மனுஷன் இருந்தாலும் சரி, நாய், பூனை இருந்தாலும் சரி. ஆகாசத்துல பறக்குற பறவையோட கண்ணைக்கூடப் பிடிக்கும்!"

"நம்ம ஸ்டுடியோவுக்கு எந்தப் பறவைங்க பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்துச்சு?"

"நாளைக்கே வரலாம்ல?"

"பறந்து போறதுக்கு அதுக்கு எதுக்குப் பாஸ்போர்ட்?"

"ஒரு செகண்டுக்கு முப்பது படம் எடுக்கும்மா!"

"அசையாம உட்காருங்கன்னு ஆளை அதட்டுறதே நீங்கதான். அசையாம உட்கார்ந்திருக்கறவரை முப்பது தடவ எடுத்து என்ன பண்றது?"

"உனக்குப் புரியாது. இப்ப இருக்குறது பழசாயிடுச்சு."

"நாலு வருஷம் பழசா? அப்ப நான்?"

இந்தக் கேள்விக்கு வாயத் திறந்து பொழச்ச புருஷன் இதுவரைக்கும் கிடையாது. அவர் தாளை மடிச்சுப் பையில வெச்சாரு.

எழுந்து போறப்ப சம்சாரம் சொன்னாங்க: "கெட்டுப் போச்சுன்னா சொல்லுங்க. அப்பப் பார்க்கலாம்."

அந்த ஒரு வார்த்தை போதுமே. படி இறங்கறதுக்குள்ள திட்டம் தயார்.

நிஜமாவே கெடுக்குறதுக்கு அவருக்கு மனசு வராது. தன் முகத்தத் துடைக்கிற துண்டைவிட மெத்துன்னு ஒரு துணியிலதான் அந்தக் கேமராவத் துடைப்பாரு. அதனால கெட்டுப் போன மாதிரி காட்டினாப் போதும்னு முடிவு பண்ணாரு. வர்ற ஆளை முதல்ல ஒரு மெமரி கார்டுல நல்லா எடுத்துடறது. அந்தக் கார்டு சட்டைப் பைக்குள்ள போயிடும். அப்புறம் வேற கார்டைப் போட்டு, கேமரா தானா ஃபோகஸ் பண்றத நிறுத்திட்டு, கையால வளையத்த ஒரு மயிரிழை திருப்பி, மங்கலா சில படம். மங்கல் கார்டு சம்சாரத்துக்கு. கேமராவுக்குக் கண்ணு போச்சுன்னு அவங்களே சொல்லுவாங்க. புது மாடல் வந்ததும், "மறுபடி எடுத்தேன்"னு நல்ல கார்டைக் கொடுத்துடலாம்.

செவ்வாய்க்கிழமை காலையில முதல் ஆளா பல் டாக்டர் வந்தாரு. ஆஸ்பத்திரி போர்டுக்குச் சிரிச்ச முகமா ஒரு படம் வேணுமாம். எடுத்தாச்சு. எழுந்திரிக்கப் போனவரைத் திரும்ப உட்கார வெச்சாரு.

"இப்பத்தானே எடுத்தீங்க?"

"அது உங்களுக்கு. இது எங்க வீட்டுக்கு."

தன் படம் ஒரு போட்டோகிராபர் வீட்டுக்கு எதுக்குன்னு பல் டாக்டருக்குப் புரியல. ஆனாலும் முன்னைவிட நல்லாவே சிரிச்சாரு.

மத்தியானம் மேலேருந்து குரல் வந்துச்சு. "என்னங்க, கொஞ்சம் வாங்களேன். பல் டாக்டர் படத்துல பல்லே தெரியல."

ஸ்டுடியோக்காரர் மெதுவா ஏறினாரு. திரையப் பார்த்தாரு. ஒத்திகை பார்த்து வெச்சிருந்த பெருமூச்சு ஒண்ண விட்டாரு. "நான் அன்னிக்கே சொன்னேன். நீதான் நம்பல."

சம்சாரம் மூக்குக்கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. ஓரத்துல எதையோ அமுக்கினாங்க. திரும்பவும் பார்த்தாங்க. "ம்"னாங்க.

புதன்கிழமை ரெட்டைப் பிள்ளைகளா பிறந்த அக்கா தங்கச்சி வந்தாங்க. படத்துல நாலு பேர் மாதிரி தெரிஞ்சாங்க. வியாழக்கிழமை பேங்க் காவலாளி. மீசை எங்க முடியுது, முகம் எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ல முடியல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெருமூச்சு. வியாழக்கிழமைப் பெருமூச்சு ரொம்ப நல்லா வந்துச்சு. அவருக்கே நெஞ்ச அடைச்சுது.

"ஆமாங்க"ன்னாங்க சம்சாரம். "பாவம், கேமராவுக்கு வயசாயிடுச்சு."

"என்ன சொன்ன?"

"மாத்திடலாம்னு சொன்னேன். என் தம்பிகிட்டச் சொல்லி அந்தப் புது மாடலை ரெண்டு நாளைக்குக் கொண்டுவரச் சொல்றேன். எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

இவ்வளவு சீக்கிரம் அவங்க எதுக்கும் சரின்னு சொன்னதில்ல. விவரமானவனா இருந்தா அங்கயே உஷாராயிருப்பான். இவர் கீழ போய், கதவைச் சாத்திக்கிட்டு ஒரு சுத்து ஆடினாரு.

மச்சான் வேலை பார்க்குற கடையில கேமரா, கம்ப்யூட்டர், டிவி எல்லாம் விப்பாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேமராப் பெட்டிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்தான்.

"அத்தான், கண்ணாடிப் பெட்டியில வெக்கிற பீஸு. ஒரு கீறல் விழுந்தாலும் என் தோலை உரிச்சிடுவாங்க."

"போடா மச்சான், பெத்த பிள்ளையக்கூட நான் இப்படித் தூக்கினதில்ல."

"அது எனக்குத் தெரியும்"னாங்க சம்சாரம்.

கேமராவத் தூக்கி அவங்களப் பார்த்துப் பிடிச்சாரு. திரையில ஒரு பச்சைக் கட்டம் துள்ளி வந்து அவங்க கண்ணு மேல உட்கார்ந்துச்சு.

"பார்த்தியா! கண்ணைக் கண்டுபிடிச்சிடுச்சு!"

"இத்தனை வருஷமா உங்க எதிர்லயேதான் இருக்கேன். கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு மெஷின் தேவைப்பட்டிருக்கு."

மச்சான் சிரிச்சான். அத்தான் பார்த்த பார்வையில நிறுத்திக்கிட்டான்.

"எடுக்குறதுதான் எடுக்குறீங்க, எவ்வளவு பெரிசா எடுக்குமோ அவ்வளவு பெரிசா எடுங்க"ன்னாங்க சம்சாரம். "நல்ல பொருளைக் குறைச்சு வெச்சு டெஸ்ட் பண்ணினா அதுக்கு மரியாதையா?"

இப்படி ஒரு பேச்சை அவங்க வாயிலிருந்து கேக்க அவர் தவம் கிடந்திருந்தாரு. எல்லாத்தையும் உச்சத்துல வெச்சாரு. மச்சானை எடுத்தாரு. சுவரை எடுத்தாரு. காயப்போட்ட துணிய எடுத்தாரு. இருநூறு படம் ஆனதும் கார்டைக் கழட்டி, ரெண்டு கையாலயும் ஏந்தி, சம்சாரத்துகிட்டக் கொடுத்தாரு.

மாவு மில்லு ஓட ஆரம்பிச்சுது. திரையில ஒரு வட்டம் சுத்துச்சு. மூணு பேரும் அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க. காபி போட்டாங்க, குடிச்சாங்க, டம்ளரைக் கழுவி வெச்சாங்க. வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. முக்கால் மணி நேரம் கழிச்சு மச்சானோட நெத்தி வந்துச்சு. அப்புறம் புருவம். மூக்கு வரைக்கும் வந்தான். அங்க "டப்"புன்னு ஒரு சத்தம். திரை இருட்டாயிடுச்சு.

"அக்கா, என் வாய் வரலியே"ன்னான் மச்சான்.

"கேமரா அருமைங்க. ஒரு குத்தமும் சொல்ல முடியாது"ன்னாங்க சம்சாரம். "ஆனா திறக்க முடியாத படத்த கஸ்டமருக்கு எப்படிக் கொடுக்குறது? கேமராவையே கையில கொடுத்து, பின்பக்கம் பார்த்துக்கங்கன்னு சொல்லிடலாமா?"

கைக்கு வந்தது நழுவுதேன்னு ஸ்டுடியோக்காரருக்குப் பதறிப் போச்சு. "கேமராவக் குத்தம் சொல்லாத! இந்தக் குப்பையத் தூக்கிப் போடு! முதல்ல கம்ப்யூட்டரை மாத்துவோம்!"

"வேணாங்க. இருக்குறதே ஓடுதுல்ல?"

"என்னத்த ஓடுது? நொண்டுது!"

"போன வருஷம் நீங்கதான்..."

"போன வருஷம் எனக்கு அறிவு இல்ல!"

"தம்பி, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுக்கிட்டேங்க்கா."

"அப்ப கவர்ல இருக்குறது கம்ப்யூட்டருக்கே போயிடுமேங்க. கேமராவுக்கு?"

"தவணையில எடுத்துக்கறேன். அது என் பாடு. டேய் மச்சான், இப்பவே உன் கடைக்குப் போனைப் போடு!"

"சின்னதாவே போதுங்க எனக்கு."

"நீ சும்மா இரு. இருக்குறதுலயே பெரிய திரை. இருக்குறதுலயே வேகமானது. முதுகு வலிக்கும், அதுக்கு ஏத்த நாற்காலியும் போடச் சொல்லு!"

சம்சாரம் எவ்வளவோ தடுத்தாங்க. அவர் கேக்கல. அந்த வீட்டுல அவர் பேச்சு அவ்வளவு செல்லுபடியானது அதுதான் முதல் தடவ.

சனிக்கிழமை காலையிலயே எல்லாம் வந்து இறங்கிடுச்சு. மச்சானே மாட்டிக் கொடுத்தான். இருநூறு படமும் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள திறந்துச்சு. மச்சானுக்கு வாய் வந்திருச்சு. ஸ்டுடியோக்காரர் கையைத் தேய்ச்சுக்கிட்டாரு.

"சரி. இப்ப கேமரா விஷயத்துக்கு வருவோம்."

"வருவோம். நீங்க இந்த நாற்காலியில உட்காருங்க. ஒரு சின்னச் சந்தேகம்."

உட்கார்ந்தாரு. நல்ல நாற்காலி. சம்சாரம் பல் டாக்டரோட மங்கல் படத்தத் திறந்து ஓரத்துல அமுக்கினாங்க. பட்டியல் மாதிரி ஏதோ விரிஞ்சுது.

"இது என்னது?"

"ஒவ்வொரு படத்துக்குள்ளயும் கேமராவே எழுதி வெச்சுடும். என்ன தேதி, எத்தனை மணி, எந்த லென்ஸு, எல்லாம். கூலி வேலை பார்க்கறவங்க தினமும் படிக்கிறது. அந்த நாலாவது வரியச் சத்தமாப் படிங்க."

"ஃபோகஸ்..." அவர் நாற்காலியோட கொஞ்சம் பின்னால நகர்ந்தாரு. "கையால்."

ரெட்டைப் பிள்ளைகள் படமும் கையால். காவலாளி படமும் கையால். அப்புறம் இன்னொரு படம் திறந்தாங்க. அதே பல் டாக்டர், அதே டை, நாலு நிமிஷம் முன்னாடி. ஒவ்வொரு பல்லும் எண்ணி எடுக்கலாம். அதுல "தானாக"ன்னு இருந்துச்சு.

"இது எப்படி உன்கிட்ட..."

"உங்க சட்டையத் துவைக்கப் போடறது யாருங்க? பையில இருந்த கார்டை தினமும் எடுத்து, காப்பி பண்ணிட்டு திரும்ப அங்கயே வெச்சுட்டு, படத்த அன்னிக்கே எல்லாருக்கும் அனுப்பிட்டேன். ஏன் யாருமே கேட்டு வரலன்னு நீங்க யோசிக்கவே இல்லையா?"

அவர் யோசிக்கல. ஆடிட்டிருந்தாரு.

"செவ்வாய்க்கிழமையே தெரிஞ்சிருந்தா அன்னிக்கே கேக்க வேண்டியதுதானே!"

"கேட்டிருந்தா இன்னிக்கு இந்த நாற்காலியில உட்கார்ந்திருப்பீங்களா? எழுந்திரிங்க, எனக்கு வேலை இருக்கு. தம்பி, அந்தக் கேமராவப் பத்திரமாக் கட்டிக் கடையில கொண்டுபோய் வெச்சுடு. நல்லா இருக்குற கேமராவ மாத்த யாராவது தவணை கட்டுவாங்களா?"

ஸ்டுடியோக்காரர் எழுந்தாரு. மச்சானை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டாரு. தன்மானம்னு ஏதாவது மிச்சம் இருக்கான்னு தடவிப் பார்த்ததுல ஒண்ணு கிடைச்சுது.

"எது எப்படியோ மச்சான், கம்ப்யூட்டர் வாங்கணும்னு முடிவு எடுத்தது நான்தான். நீயே சாட்சி. சொன்ன மறுநாளே வந்துச்சு பாரு!"

மச்சான் கேமராப் பெட்டிய வண்டியில வெச்சுக் கட்டிக்கிட்டே சொன்னான்: "அக்கா செவ்வாய்க்கிழமை சாயங்காலமே ஆர்டர் கொடுத்துடுச்சு அத்தான். நீங்க முடிவு எடுக்கத்தான் வெள்ளிக்கிழமை ஆயிடுச்சு."