பதினோராம் வகுப்புக்கு ஓர் ஓட்டை

"மேலும், வாட்ச்மேன் அண்ணனுக்கு இன்றுவரை தெரியாமல் நாங்கள் பாதுகாத்து வந்த பின்சுவர் ஓட்டையை, பதினோராம் வகுப்புக்கு முழு உரிமையோடு விட்டுச் செல்கிறோம்!"

கண்ணாடிக்காரப் பையன் மேடையில் நின்று இதைப் படித்ததும் கைதட்டலில் கூரை எகிறியது. கதவோரம் நின்றிருந்த வாட்ச்மேன் திடுக்கிட்டுப் பின்சுவர் இருக்கும் பக்கம் திரும்பினார்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகிறவர்கள் அடுத்த வகுப்புக்கு வேடிக்கையாக உயில் எழுதி வைப்பது அந்தப் பள்ளி வழக்கம். இத்தனை நாளும் வகுப்புக்குள்ளேயே காதும் காதும் வைத்த மாதிரி கைமாறிய சமாச்சாரம். புதிதாக வந்த தலைமையாசிரியைதான், எல்லாருமே சிரிக்கட்டும் என்று அதை மேடையேற்றினார். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை, ஆடும் கடைசி பெஞ்சு, லீவு லெட்டரில் ஆறு தடவை செத்துப்போய் இன்னும் இரண்டு சாவுக்குத் தாங்கக்கூடிய ஒரு தாத்தா என்று உயில் போய்க்கொண்டிருந்தவரை அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஓட்டை வந்ததும் சிரிப்பு நின்றது.

கூட்டம் கலைந்ததும் வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"எத்தனை வருஷமா இங்க வேலை பார்க்கறீங்க?"

"பன்னெண்டு வருஷம் மேடம்."

"பன்னெண்டு வருஷமா பசங்க சுவத்து வழியா போயிட்டு வந்துட்டு இருக்காங்க. நாலு மணிக்கு நான் வந்து பார்ப்பேன். ஓட்டை இருந்துச்சுன்னா, நாளைக்கு வேற ஆளைத்தான் கேட்ல நிறுத்தணும்."

வேலை போனால் கேட்டை ஒட்டிய அந்த ஒற்றை அறையும் போகும். பள்ளிக்கூடம் பெருக்கும் மனைவியோடு பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் நிற்பது?

விஷயத்தைக் கேட்டதும் மனைவி துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"தினம் ரெண்டு வேளை அந்தச் சுவத்தைச் சுத்திச் சுத்தி வந்தீங்களே, கண்ணை எங்க அடகு வச்சிருந்தீங்க?"

"சும்மா இருடி. இப்ப கண்டுபிடிக்கறேன் பாரு."

ஒரு முனையிலிருந்து தடியால் தட்டிக்கொண்டே போனார். எல்லா இடமும் கல்லு மாதிரி 'டங் டங்' என்றது. உடைந்த பெஞ்சுகளைக் குவித்திருந்த மூலையில் மட்டும் 'பொத்' என்றது. பெஞ்சுகளை இழுத்துப் போட்டார். ஒரு செங்கல் லேசாக ஆடியது.

"சிக்கிருச்சு!" என்று கத்தினார். "பாவிப் பசங்க, போகும்போது எடுத்துட்டு, வந்ததும் சொருகி வச்சிருக்கானுங்க!"

ஆட்டி ஆட்டி உருவினார். செங்கல் கையோடு வந்தது. அந்தப் பக்கத்துத் தெரு தெரிந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இதுல எலி போகலாம். எருமை மாதிரி வளர்ந்த பசங்க எப்படிங்க போவாங்க?"

நியாயமான கேள்வி. அப்படியென்றால் பக்கத்துச் செங்கலும் கழன்று வரவேண்டும். கம்பியை விட்டு நெம்பினார். வந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்ததும் வந்தது. மேலே இருந்த நாலு, யாரும் கேட்காமலே விழுந்தன.

"ஐயோ, போதும்! எல்லாத்தையும் திருப்பி வைங்க!"

வைத்துப் பார்த்தார். எடுக்கும்போது அடங்கி வந்த கற்கள் வைக்கும்போது ஒன்றுகூட நிற்கவில்லை. விழுந்ததில் இரண்டு தூளாகிவிட்டன.

வேறு வழியில்லாமல், பக்கத்தில் ஒரு கட்டடத்தில் கொத்து வேலை செய்துகொண்டிருந்த மைத்துனனை வரவழைத்தார். அவன் வாயில் வெற்றுத் தீக்குச்சியைக் கடித்தபடி ஓட்டையை ஒரு பக்கமாகத் தலை சாய்த்துப் பார்த்தான்.

"என்ன மாமா இப்படிக் குதறி வச்சிருக்கீங்க? சுத்தி எல்லாம் உளுத்துப் போச்சு. உளுத்ததை எடுத்தாத்தான் புதுசு பிடிக்கும்."

"எதையாவது பண்ணி அடைச்சு விடு மாப்ள, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் சம்மட்டியை எடுத்தான். பத்தே நிமிடம். தூசி அடங்கியபோது அங்கே ஓர் ஆள் குடை பிடித்துக்கொண்டு நுழையலாம்.

"அவ்வளவுதான். சிமெண்டு எடுத்துட்டு வந்துர்றேன்" என்று அந்த வழியாகவே வெளியேறினான்.

மணி இரண்டானது. மூன்றானது. ஒரு தெருநாய் உள்ளே வந்து, எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்துவிட்டுப் போனது. மூன்றரைக்குப் போன் வந்தது.

"மாமா, மேஸ்திரி விடமாட்டேங்கறாரு. நாளைக்கு விடிஞ்சதும் முதல் வேலை உங்க வேலைதான்."

"நாளைக்கு நான் இங்க இருந்தாத்தானேடா!"

போன் கட்டாகிவிட்டது. மனைவிதான் அரங்கத்துக்கு ஓடிப்போய் மேடையில் கட்டியிருந்த பேனரை அவிழ்த்து வந்தாள். இருவரும் இழுத்துப் பிடித்து ஓட்டையின் மேல் கட்டினார்கள். 'வாழ்த்தி வழியனுப்புகிறோம்' என்று பெரிய எழுத்தில் பளபளத்தது.

நாலு மணிக்குத் தலைமையாசிரியை வந்தார். பின்னாலேயே, வேடிக்கை பார்க்கக் கண்ணாடிக்காரனும் அவன் கூட்டாளிகளும்.

"இந்த பேனர் எதுக்கு இங்க?"

"அழகா இருக்கட்டுமேன்னு மேடம்..."

அந்த நேரம் பார்த்தா காற்று அடிக்க வேண்டும்? பேனர் பாய்மரம் மாதிரி உப்பி, ஒரு முனை அவிழ்ந்து சரிந்தது. தெருவில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று உள்ளே பார்த்தார்.

தலைமையாசிரியை இரண்டடி பின்வாங்கினார். "இ... இது ஓட்டையா? இவ்வளவு பெரிசாவா?"

வாட்ச்மேன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, மாணவர்கள் பக்கம் விரலை நீட்டினார். "பாருங்க மேடம், எவ்வளவு அட்டூழியம்னு! எத்தனை வருஷமா நடக்குதோ! நான் ஒரே நாள்ல கண்டுபிடிச்சுட்டேன்!"

கண்ணாடிக்காரன் பேயறைந்தவன் மாதிரி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடியும் மாட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"அண்ணே, போன வருஷ சீனியருங்க எங்களுக்கும் இதே ஓட்டையைத்தான் எழுதி வச்சாங்க, வருஷம் பூராத் தேடியும் அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னுதான் நாங்க பதினொண்ணாவது தலையில கட்டினோம்... நீங்க எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"