தூக்கத்துக்கு ஒரு பனங்காடு

"தூங்கிட்டியா?" என்று கதவிடுக்கு வழியாகக் கேட்டார் பல்செட்காரர்.

"தூங்கிட்டேன்" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

"அப்புறம் எப்படிப் பதில் சொல்றே?"

"கேட்டா சொல்லத்தானேங்க வேணும்."

அப்போது காலை பத்தரை மணி. ஊர் முழுக்க விழித்திருந்தது. அந்த வீட்டில் ஒருத்தி மட்டும் தூங்கியாக வேண்டும்.

அவளுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணி. ஒன்பது மணியிலிருந்து காலை ஏழு வரை காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யாருக்கு மூச்சு முட்டினாலும் யாருக்கு வலி வந்தாலும் வண்டி அனுப்ப வேண்டும். பகலில்தான் தூக்கம். சில மாதங்களாக அதுவும் வருவதில்லை. போன மாதம் பதினான்காம் தெருவுக்குப் போக வேண்டிய வண்டியை நாற்பதாம் தெருவுக்கு அனுப்பிவிட்டாள். நல்லவேளையாக நோயாளிக்குக் கணுக்கால் சுளுக்கு மட்டும்தான். அவர் அரைமணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு முழு நாளிதழ்களைப் படித்து முடித்தார்.

மேற்பார்வையாளர் திட்டவில்லை. "மூணு மாசம் பார்ப்பேன்" என்று மட்டும் சொன்னார். அதற்குள் இன்னொரு தவறு நடந்தால் தலைமை அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் பகல் வேலை. தலைமை அலுவலகம் இருந்தது ரயிலில் எட்டு மணி நேரத் தூரத்தில்.

"நீ அங்க போயிட்டா நான் என்ன பண்றது?" என்றார் அவர்.

"ஞாயித்துக்கிழமை வருவேன்ல."

"ஞாயித்துக்கிழமை மட்டும் வந்துட்டுப் போக நீ என்ன விருந்தாளியா?"

பல்செட்காரர் கைத்திறமைக்குப் பேர் போனவர். கடைத்தெருவில் இருந்த பட்டறையை வீட்டுக் கூடத்துக்கே மாற்றிக்கொண்டதுகூட மனைவியைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளத்தான். உறுத்துகிற இடத்தைக் கண்டுபிடித்துத் தேய்த்துவிட்டால் எந்தப் பல்செட்டும் வாயில் உட்காரும் என்பது அவர் முப்பது வருட அனுபவம். மனைவியின் தூக்கத்தில் உறுத்துகிற இடத்தையும் அப்படித்தான் தேடினார். கடிகாரத்தை அறையிலிருந்து எடுத்தார். மின்விசிறிக்கு எண்ணெய் போட்டார். கறுப்புத் திரை மாட்டினார்; புழுங்கியது. திரையைக் கழற்றினார், வெயில் நேரே கண்ணில் அடித்தது.

"வெளிச்சத்தை மறைக்கக் கூடாதுண்ணே, வடிகட்டணும்" என்றாள் நர்சரிக்காரம்மா. ஆள் உயரத்துக்கு ஓர் அலங்காரப் பனையைக் காட்டினாள். மெலிந்த தண்டுகள், சீப்பு சீப்பாக ஓலை. காற்று தொட்டதும் யாரோ தொலைவில் ரகசியம் பேசுவதுபோல ஒலித்தது.

மறுநாள் காலை அதைப் பெரிய தொட்டிக்கு மாற்ற பால்கனியில் உட்கார்ந்தார். தேங்காய் நார்த் தூளும் மணலும் கலந்து, வேர்ப்பந்து உடையாமல் இறக்கி, தண்டு அளவு பிசகாமல் மண்ணை அழுத்தி முடிக்க நாலு மணி நேரம் ஆயிற்று. பல்லைப் பொருத்துகிறவர் மரத்தை மட்டும் கோணலாக வைப்பாரா? கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். மனைவி மூன்று மணி வரை அசையவில்லை.

"எப்படித் தூங்கினே?"

"ஆளே இல்லாத கடற்கரையில படுத்திருந்த மாதிரி."

வேர் பிடிக்கும்வரை மரத்தைப் பால்கனியிலேயே வைத்து, காலை நேரமெல்லாம் அதன் பக்கத்திலேயே காவல் இருந்தார். ஐந்தாறு நாள் எல்லாம் சரியாகப் போயிற்று. மரம் வேர் பிடித்ததும் அதை அறையில் சன்னலோரம் வைத்தார். அவரும் பழையபடி அறைக்குப் போய் ஓலை நிழல் அவள் கண்ணில் விழுகிறதா, நெற்றியில் விழுகிறதா என்று பார்த்துத் தொட்டியை ஒரு விரல்கடை நகர்த்தி வைத்தார். ஏனோ தூக்கம் மறுபடி கெட்டது.

"இந்த ஒரு மரம் பத்தலையோ?"

"வர்ற வழியிலதானே நர்சரி" என்றாள் அவள். "நானே கேட்டுட்டு வர்றேன்."

கேட்டு, இன்னொரு பனையும் வாங்கி வந்தாள். அந்த வாரமே முதல் மரத்தின் ஓலை நுனிகள் பழுத்துக் கருகின. பல்செட்காரர் நர்சரிக்கு ஓடினார்.

"சீக்கு வந்த மரத்தை மத்த மரத்தோட விடாதீங்கண்ணே" என்றாள் நர்சரிக்காரம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு தொட்டியில் களை பிடுங்கிக்கொண்டே. "பால்கனிக்குக் கொண்டு போங்க. பக்கத்துலயே இருந்து அரைமணிக்கொரு தரம் பனி மாதிரி தண்ணி தெளிங்க. கொஞ்சம் பேச்சும் கொடுங்க."

"மரத்துக்கு என்ன பேசுறது?"

"பல்லைப் பத்திப் பேசுங்களேன்."

பேசினார். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களைப் பற்றி ஒரு பனைக்குக் காலை முழுவதும் எடுத்துச் சொன்னார். மனைவி தூங்கினாள்.

மரம் தேறியது. ஆனால் வாரம் ஒன்று என்று முறை வைத்ததுபோல அடுத்தது படுத்தது. பால்கனிக்குப் போன மரத்தின் இடத்துக்குப் புதிது ஒன்று வந்தது. பால்கனியில் குணமான மரம் அறைக்குத் திரும்பியது. ஒரு விசிறிப் பனை வந்தது, இரண்டு குட்டை ஈச்சை வந்தன. எட்டாவது மரம் வந்தபோது துணி அலமாரி கூடத்துக்குப் போனது. கட்டில் அறையின் நடுவுக்கு வந்து, நாலு பக்கமும் ஓலை சூழ்ந்த தீவானது.

காற்று ஈரமாக இருக்க வேண்டும் என்று தொட்டிகளுக்கு நடுவே தண்ணீர்த் தட்டுகள் வைத்தார். கொசு வந்தது. கொசுப் புழுவைத் தின்ன குட்டி மீன்கள் விட்டார். மீனுக்குத் தட்டு போதாதென்று கூடத்தில் மூன்று தொட்டிகள் வைத்தார். அந்த ஈரத்தில் கதவுகள் ஊதிக்கொண்டன. அச்சு எடுக்கும் பிளாஸ்டர் காயவே இல்லை. கீழ்வரிசைப் பல்லுக்காக ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் மூன்று வாரம் கஞ்சியிலேயே காலம் தள்ளினார்.

ஒருவழியாகப் பல் தயாராகி அவர் வந்து உட்கார்ந்தார். பல்லை மாட்டிக் கடிக்கச் சொன்னபோது பின்னாலிருந்த ஈச்சை ஓலை அவர் மூக்கை வருடியது. ஒரே தும்மல். பல்வரிசை பறந்து மீன்தொட்டியில் விழுந்து, மெல்ல மெல்ல இறங்கி, அடியில் போய்ச் சிரித்தபடி உட்கார்ந்தது. நீல மீன் ஒன்று முன்பற்களுக்கு நடுவே நுழைந்து, சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. பெரியவரும் பல்செட்காரரும் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அழகாத்தான் இருக்கு" என்றார் தலைமை எழுத்தர், பொக்கை வாயால். "ஆனா எனக்கு நாளைக்குக் கல்யாண வீடு தம்பி."

அடுத்து வந்தவர் கீழ்வீட்டுக்காரர்.

"சார், என் வீட்டுக் கூரை சொட்டுது. எனக்கு மேல இருக்கறது வீடா, வானமா?"

"கொஞ்சம் பொறுத்துக்கங்க சார். அவ தூங்கறா."

"அவங்க தூங்கறதுக்கு நான் குடை பிடிச்சுக்கிட்டு டிவி பாக்கணுமா?"

அவரைச் சமாதானப்படுத்த இரண்டு பனைகளைக் கொடுத்தனுப்பினார். அவர் அவற்றைச் சரியாகச் சொட்டு விழும் இடத்தில் வைத்தார். பதினைந்து நாளில் குழாய்க்காரர் வந்து கசிவை அடைத்தார். மறுநாளே கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தார்.

"என்ன சார், தண்ணிய நிறுத்திட்டீங்க? என் மரம் ரெண்டும் வாடுது. பழையபடி கொஞ்சம் ஒழுக விடுங்க."

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் அந்த வீடு மெல்ல வேறொரு இடமாக மாறிக்கொண்டிருந்தது. பகல் பதினொரு மணிக்கு வெயில் சன்னல் வழியாக வந்து, ஓலைகளில் கிழிபட்டு, பச்சை நாடாக்களாகத் தரையில் விழும். காற்றடித்தால் நாடாக்கள் நீந்தும். சுருண்ட குருத்துகள் ஈட்டிபோல நின்று, ஒருநாள் யாரும் பார்க்காத நேரத்தில் விசிறியாக விரியும். தெருவின் ஆரன் சத்தம் ஓலைகளுக்குள் வந்து தேய்ந்து, ஏதோ ஒரு பறவையின் குரல்போல அடங்கும். பால்கனி மரத்துக்குத் தண்ணீர் தெளித்த இடைவெளியில் கூடத்தில் அரத்தால் பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பல்செட்காரருக்கு, வீட்டுக்குப் பின்னால் கடல் இருப்பதுபோலவும், கொஞ்ச நேரத்தில் அலை வந்து காலை நனைக்கும் என்பதுபோலவும் தோன்றும். சில சமயம் நனைக்கவும் செய்தது. அப்போது எழுந்துபோய் மீன்தொட்டியைச் சரி செய்வார்.

அந்தக் காட்டின் நடுவே அவள் தூங்கினாள். கன்னத்தில் ரத்தம் ஊறியது. கண்ணைச் சுற்றியிருந்த கருமை போயிற்று. வேலைக்குப் போகும்போது முணுமுணுப்பாகப் பாட்டுக்கூட வந்தது.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு காலை, கையில் கடிதத்தோடு வந்தாள். ஒரு தவறும் இல்லை. நின்றுபோன லிஃப்டுக்குள் பிரசவ வலியில் இருந்த பெண்ணுக்கும், அவளைவிட உரக்க அழுத புருஷனுக்கும் போனிலேயே வழி சொல்லிக் குழந்தையைப் பெறவைத்ததற்குப் பாராட்டு. இடமாற்றம் கிடையாது. இனி அந்த இரவுப் பிரிவுக்கே அவள்தான் பொறுப்பாளர்.

பல்செட்காரர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாம் இந்த மரங்களோட புண்ணியம்" என்றார்.

"ஆமாங்க. மரம் மட்டும் இல்லேன்னா நான் என்னிக்கோ ரயில் ஏறியிருப்பேன்."

"ஆனா ஒரு குறை இருக்கும்மா. இந்த மூணு மாசமா மரத்துக்கு நர்ஸா இருந்தேனே தவிர, உன்னைச் சரியாக் கவனிக்கலை."

உதட்டுக்குப் போன தேநீர்க் கோப்பையை அவள் கீழே இறக்கினாள். "அதுக்கென்ன அவசரம்" என்றாள்.

"இல்ல, முடிவு பண்ணிட்டேன். தானாத் தண்ணி விடற குழாய் வந்திருக்காம். ஒவ்வொரு தொட்டிக்கும் சொட்டுச் சொட்டா போகும், தானாவே பனியும் தெளிக்கும். அதை மாட்டிட்டா எனக்கு இங்க வேலையே இல்லை. நீ தூங்கற நேரம் முழுக்க உன் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துருவேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாக அவளுக்குத் தெரிந்த அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் அண்மையில் கண்டதில்லை. தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் படுக்கப் போனாள்.

அவர் அப்போதே நர்சரிக்குக் கிளம்பினார்.

நர்சரிக்காரம்மா குழாய்ச் சுருளை எடுத்து வந்தாள். எத்தனை தொட்டி என்று கேட்டாள். இருபத்தாறு என்றார். அவ்வளவு நீளத்துக்கு அளந்தாள். எதற்கு இப்போது திடீரென்று என்று கேட்டாள். நாற்காலிச் சங்கதியை அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். முதுகு சாய்க்க மெத்தை போட்ட நாற்காலி, இன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அவள் குழாயை வெட்டப்போன கத்தரியைக் கீழே வைத்தாள்.

"ஏம்மா, நீளம் பத்தாதா?"

"நீளமெல்லாம் இருக்குண்ணே."

"பின்னே?"

நர்சரிக்காரம்மா தலைமுண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். வாசலில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு குழாய்ச் சுருளைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அக்காவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன், இருந்தாலும் சொல்லிடறேன்ணே: உங்க வீட்டு மரம் ஒண்ணுக்குக்கூடச் சீக்கு கிடையாது, நீங்க பால்கனியிலயே இருந்தாத்தான் தனக்குத் தூக்கம் வருதுன்னு, மரம் சாகாம வாட மட்டும் எவ்வளவு உப்பு போடணும்னு என்கிட்ட அளவு கேட்டு, வாரம் ஒரு தொட்டிக்கு அவங்களேதான் உப்புத் தண்ணி ஊத்திக்கிட்டு வர்றாங்க."