இரண்டாவது விசில்

இராஜபாளையத்தில் பிள்ளை வளர்க்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மற்ற நாங்கள் எல்லாம் பிள்ளைகள் தாமாக வளர்வதைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். அந்த ஒருவர், எங்கள் காம்பவுண்டில் எதிர்வீட்டில் குடியிருந்த விசில் அண்ணன். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

நூல் மில்லில் வேலை. மிஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் கத்தினாலும் கேட்காது என்பதால், அங்கே பாதிப் பேச்சு கை ஜாடையிலும் விசிலிலும்தான் நடக்குமாம். அவர் மனைவி போலீஸ் வேலைக்குத் தேர்வாகிப் பயிற்சிக்குக் கிளம்பியதும், அண்ணன் நைட் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டார். ராத்திரி பிள்ளைகளுக்குத் துணையாக அவர் தங்கை வந்து படுத்துக்கொள்வாள். பகல் முழுக்க அவர் ராஜ்யம். இரண்டு பையன்கள், ஒரு பெண். மூத்தவனே அப்போதுதான் ஒன்றாம் வகுப்புக்குப் போகப்போகிறான் என்றால் மற்ற இரண்டையும் நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாயில் விரலை வைத்து அவர் ஒரு விசில் அடித்தால் சாப்பாடு. இரண்டு அடித்தால் குளியல். மூன்று அடித்தால் தூக்கம்.

"ஏண்ணே, பிள்ளைகள என்ன மில்லு மிஷின்னு நெனச்சியளா?" என்று கேட்டேன்.

"மிஷினுன்னா சுவிட்ச அமத்துனா நின்னுரும் தங்கச்சி. இது மூணும் மூணு பக்கமா ஓடுது. நான் எதுக்குப் பின்னால ஓட?"

நான் சிரித்தேன். என் ஒரே மகனுக்கு ஒரு இட்லி ஊட்டுவதற்குள் தெருமுனை வரை ஓடித் திரும்புகிறவள், சிரித்திருக்கக் கூடாது. அவருடைய ஏற்பாடு அப்படி வேலை செய்தது! பிரச்சினை என் வீட்டுக் குக்கரில் வந்தது.

முதல் விசிலுக்கு மூன்று பேரும் தட்டோடு என் வாசலில் உட்கார்ந்தார்கள். பாவம், பசி போலிருக்கிறது என்று நினைப்பதற்குள் இரண்டாவது விசில். தட்டுகள் பறந்தன, சட்டைகள் பறந்தன, மூன்று பேர் பிறந்த மேனிக்கு நின்றார்கள். அதைப் பார்த்த என் மகனும் டிராயரைக் கழற்றி வீசினான். நான் பிடித்து வைத்திருந்த குடிதண்ணீர் முழுக்க நாலு தலையிலும் இறங்கியது. மூன்றாவது விசிலுக்கு நாலும் என் சமையலறைத் தரையில் சொட்டச் சொட்டப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டன. பருப்புக்கு நான் நாலு விசில் வைப்பேன். நாலாவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அண்ணன் சொல்லிக்கொடுக்காததால் வீடு மிஞ்சியது.

இந்தக் கூத்தெல்லாம் வன்னியம்பட்டி வரைக்கும் போய்விட்டது. அங்கேதான் அவர் மனைவியின் அண்ணன் இருந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "ஞாயித்துக்கெழம வாரேன். வீடு வீடா இல்லன்னா மூணையும் கையோட கூட்டிட்டு வந்துருவேன்" என்று போனில் சொல்லிவிட்டார்.

அன்றைக்குத்தான் விசில் அண்ணன் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

"பிள்ளைக இல்லாத வீட்டுல நான் என்ன செய்வேன் தங்கச்சி? மச்சான் வந்துட்டுப் போற வரைக்கும் குக்கர் மட்டும் வைக்காதிய."

ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டு முழுக்கப் பானையில் வடித்த சோறுதான். மூன்று பிள்ளைகளும் இஸ்திரி போட்ட உடுப்பில், பவுடர் முகத்தோடு, பார்க்கவே பயமாக இருந்தார்கள். முறுக்கிய மீசையோடு பிள்ளைகளின் மாமா வந்தார். பிள்ளைகள் கை எட்டும் உயரம் வரை சுவரில் இருந்த கிறுக்கல்களைப் பார்த்து "ம்" என்றார். தரையைப் பார்த்து "ம்" என்றார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம்.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க பாப்பம்" என்று சொல்லிக்கொண்டே அவர் சட்டைப் பையில் கையை விட்டார். பளபளவென்று ஒரு விசில் வந்தது.

"மச்சான், வேண்டாம்…"

பீ! பீ!

அடுத்த நொடி இஸ்திரி உடுப்பெல்லாம் முற்றத்தில் கிடந்தது. நாலும், ஆமாம், என் மகனையும் சேர்த்துத்தான், தண்ணீர்த் தொட்டிக்குள் குதித்தன. "ஏலே, மாமா இன்னும் குளிக்கல!" என்று மூத்தவன் கத்த, ஒரு வாளித் தண்ணீர் மாமா தலையில் இறங்கியது. மீசை இரண்டு பக்கமும் தொங்கிவிட்டது.

"எங்க இதுக துணிமணி? மூணும் இப்பவே எங்கூட வருது!" என்று கர்ஜித்தபடி, தலையைத் துவட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

 விசில் அண்ணன் விரலை வாயில் வைத்தார். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார், அப்போதும் காற்றுதான். அவர் விசில் வராமல் போனதை அன்றைக்கு மட்டும்தான் பார்த்தேன்.

மூத்தவன் அப்பா முகத்தைப் பார்த்தான். தன் வாயில் விரலை வைத்து, மூன்று முறை அடித்தான்.

என் மகனையும் சேர்த்துப் பையன்கள் மூவரும் துண்டைச் சுற்றிக்கொண்டு பாயில் விழுந்தார்கள். கடைக்குட்டிப் பாப்பா சுற்றும் முற்றும் பார்த்தது. ஈரத்தோடு போய் மாமா மடியில் ஏறி, கட்டை விரலை வாயில் போட்டுக்கொண்டு நிஜமாகவே தூங்கிவிட்டது.

"மச்சான், அது வந்து…" என்று ஆரம்பித்தார் அண்ணன்.

"மெல்லப் பேசு மாப்ள. புள்ள முழிச்சிரும்" என்றார் மாமா.

ஈரச் சட்டையோடு அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பாப்பா எழுந்த பிறகு, சாயங்கால பஸ்ஸுக்குத் தனியாகத்தான் கிளம்பினார். போகும்போது அந்த விசிலை அண்ணன் கையில் வைத்து, "வாய் வறண்டுட்டா வெரல்ல வராது. இத வச்சுக்கோ" என்றார். அண்ணன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பயிற்சி முடிந்து மனைவிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை போட்டதும் குடும்பமே அங்கே குடிபோய்விட்டது. டவுன் பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம், ஆனாலும் போக வாய்க்கவில்லை. என் வீட்டுக் குடிதண்ணீர் இப்போது பத்திரமாக இருக்கிறது. குக்கரில் இரண்டாவது விசில் வரும்போது மட்டும் என் மகன் கை சட்டைப் பித்தானுக்குப் போகிறது. நான் திட்டுவதில்லை. என் கண்ணும் அந்நேரம் வாசலுக்குத்தான் போகிறது.