லம்பு அண்ணனின் எட்டு விளக்குகள்

லம்பு அண்ணனைப் போல வாயை மிச்சம் பிடித்த மனிதர் மலாக்காவில் அவருக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் பிறக்கப்போவதில்லை. ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை அதிலும் பாதி. தொண்ணூறுகளின் கடைசியில் காஜா பெராங்கில் அவர் வீட்டு முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அவர் என்னோடு பேசியதை எல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும்.

பெயர் வைத்தது பக்கத்து வீட்டு செட்டி மாது. மலாக்கா செட்டிகள் தமிழ் வம்சம்தான் என்றாலும் அந்த வீட்டில் எல்லாருக்கும் பேச்சு மலாய்தான். எப்போது எட்டிப் பார்த்தாலும் இவர் மேசையில் குட்டி விளக்குகளை ஏற்றி அணைத்துக்கொண்டிருக்க, "லம்பு லாகி?" என்பார். மறுபடியும் விளக்கா என்று அர்த்தம். அதுவே பெயராகிவிட்டது.

விளக்கு வந்த கதை வேறு. அண்ணனின் மனைவி லெட்சுமி அக்காவுக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு காது அடியோடு கேட்காமல் போய்விட்டது. ஏற்கெனவே பேசாத மனிதர், இனி யாருக்குப் பேசுவது என்று அந்த நான்கையும் நிறுத்திவிட்டார். அக்கா ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தார்.

"இந்த வீட்ல நானும் அந்த அரிசி டின்னும் ஒண்ணுதான், தம்பி. மெர்டேக்கா லீவுக்கு என் தம்பி காடி எடுத்துட்டு வரான். நான் சிரம்பானுக்கே போயிடறேன்" என்று அண்ணனை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். கண் கலங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இதைக் கேட்ட மனிதர் என்ன செய்யவேண்டும்? கெஞ்சவேண்டும். நம் ஆள் டிரைவர் என்று ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத உட்கார்ந்துவிட்டார்.

பத்து பெரெண்டாம் என்ற ஊரில் அவர் வேலை செய்த தொழிற்சாலை கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று ஹாலில் இருந்தது. அதன் முதுகில் பிரிண்டர் மாட்டும் போர்ட்டில் ஒயர்களைச் சொருகி எட்டு விளக்கு பொருத்தினார். எட்டுக்கும் எட்டு செய்தி. பட்டியலை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினார். வந்துவிட்டேன். வாசலில் ஆள். மழை, துணியை எடு. போன் வந்தது. டீ வேண்டும். டீ நன்றாக இருந்தது. கோபமா? எட்டாவது, போகாதே.

"எழுதிக் காட்டிடலாமே, அண்ணே?"

"எழுதுனா கிட்ட நிக்கணும். நின்னா மூஞ்சியப் பாக்கணும்லா."

"அப்ப எட்டு சுவிட்ச் வச்சிடுங்க. கம்ப்யூட்டர் எதுக்கு?"

"சுவிட்ச் சும்மா எரியும். இது மெதுவா எரியும், சிமிட்டும், தயங்கும்." இவ்வளவு பேசிய களைப்பில் அன்று சீக்கிரமே படுத்துவிட்டார்.

இன்னொரு நாள் டிரைவர் என்றால் என்னவென்று கேட்டேன். "மத்த புரோகிராம்லாம் வாசல்லயே நின்னு கேக்கணும். டிரைவர் கெர்னலோட, அதான் மெஷினோட மூளை, அதோட சேந்த ஆளு. அடுப்படி வரைக்கும் போவான். ஆனா அவன் தடுக்கி விழுந்தா வீடே விழுந்துரும்லா."

வீடு தினமும் விழுந்தது. ஓர் எழுத்து பிசகினாலும் மெஷின் மொத்தமாக உறைந்துபோகும். அண்ணன் எழுந்து, வெறுங்காலோடு ஜங்ஷன் வரை நடந்து, வானத்தைப் பார்த்துவிட்டு வந்து ரீசெட்டை அழுத்துவார். அழுத்தியதும் அவர் டிரைவர் எழுந்து வருவதற்குள் எட்டு விளக்கும் தானாகவே எரிந்துவிடும். டிரைவர் வந்துதான் அணைக்கும். "அது போர்ட்டோட குணம்" என்பார். அவர் நடையை வைத்துத் தெருவில் மணி சொன்னார்கள்.

காலை ஷிப்ட் முடிந்த மதியங்களில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். ஜன்னல் திரை சோம்பலாக அசையும். ஒரு விளக்கு மெல்ல எரியும், தயங்கும், அணையும். அடுத்தது எரியும். அவர் எங்கோ மிதந்துகொண்டிருப்பார். பார்த்துக்கொண்டே நானும் நாற்காலியில் தூங்கிப்போவேன். கனவிலும் அவைதான் எரியும்.

மெர்டேக்கா என்கிற சுதந்திர தின லீவும் வந்தது. காலையில்தான் விளக்குகளைச் சமையலறைச் சுவருக்கு மாற்றினார். பத்து மணிக்குச் சிரம்பான் கார் வாசலில் நின்றது. அக்கா பெட்டியை ஏற்கெனவே காரில் ஏற்றிவிட்டு, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க உள்ளே போனார்.

அண்ணன் ஹாலில் எட்டாவது விளக்குக்கான கட்டளையைத் தட்டினார். மெஷின் உறைந்தது.

"ரோசாக்கா, அண்ணே?" கெட்டுப்போச்சா என்று மலாயில் கேட்டேன்.

வானம் பார்க்க அவருக்கு நேரம் இல்லை. ரீசெட்டை அழுத்தினார். சமையலறையில் எட்டும் பளிச்சென்று எரிந்தன.

அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் நான் அதுவரை கேட்காத சத்தம்.

"மழை எங்கங்க பெய்யுது? காயுற வெயில்ல துணியை எடுக்கணுமா? டீயே இன்னும் போடல, அதுக்குள்ள நல்லாருந்துச்சா?"

அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. தப்பான செய்தியை அப்படியே விட்டுவிடுகிற மனிதரா அவர்? சமையலறைக்கே ஓடினார். தலையை ஆட்டினார், கையை ஆட்டினார், ஏழு விளக்கையும் உள்ளங்கையால் மறைக்கப் பார்த்தார். முடியவில்லை. கடைசியில் எட்டாவது விளக்கின்மேல் ஒரு விரலை வைத்து, அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியுதுங்க. அதத்தான் முதல்ல பாத்தேன்" என்றார் அக்கா. அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தார்.

காரிலிருந்து பெட்டியை இறக்க நான்தான் போனேன். கல்லாய்க் கனத்தது. அந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அதை வீட்டுக்குள் தூக்கி வந்தபோதுதான் தெரிந்தது. கை கொஞ்சம்கூட வலிக்கவில்லை.