கொடும்பாவிக்கு எண்ணெய்

ஒரு காட்டில் இரண்டு குட்டைகள் இருந்தன. வடக்குக் குட்டையில் ஒருநாள் தண்ணீரோடு கறுப்பாக எண்ணெயும் ஊறியது. மறுவாரமே பக்கத்துக் காட்டு ஓநாய்கள் படையோடு வந்து இறங்கின. "உங்கள் ராஜா சிறுத்தை கொடுங்கோலன். அவனிடமிருந்து உங்களைக் காப்பாற்ற வந்திருக்கிறோம்" என்றன. சிறுத்தை முதல் நாளே ஓடிவிட்டது. ஓநாய்கள் மட்டும் போகவில்லை. வடக்குக் குட்டையைச் சுற்றி முள்வேலி எழும்பியது.

அரங்கண்ணல் என்ற முள்ளம்பன்றிக்கு இது பொறுக்கவில்லை. நாற்பது வருடம் துண்டறிக்கை படித்தே வளர்ந்த உடம்பு. கோடையில் தெற்குக் குட்டை மட்டும் எல்லோருக்கும் போதாது. வடக்குக் குட்டை திரும்ப வராவிட்டால் குட்டிகள் நாவறண்டு சாகும். ஆகவே அது வாரந்தோறும் ஓநாய்த் தலைவனின் கொடும்பாவியை எரித்தது.

பச்சைக் கோரையில் கட்டிய பொம்மை எண்ணெய் இல்லாமல் பற்றாது. எண்ணெயோ ஓநாய்களின் கவுண்டரில்தான் கிடைக்கும். வரிசையில் நின்று படிவம் நிரப்ப வேண்டும்.

"எதுக்கு எண்ணெய்?" என்று கேட்டது கவுண்டரில் இருந்த நரி.

"உங்க தலைவன் கொடும்பாவியை எரிக்க."

"சமையலுக்குத்தான் ரேஷன் தோழரே, போராட்டத்துக்குக் கேட்ட அளவு உண்டு. போன வாரம் வால் சரியா வேகலைன்னு தலைவரே வருத்தப்பட்டாரு."

அரங்கண்ணலின் முட்கள் சிலிர்த்தன. காலி டின்னோடு திரும்பி வந்து கூட்டம் போட்டது.

"இனி எரிக்க மாட்டோம், புதைப்போம்! அவன் எண்ணெய் ஒரு சொட்டு நமக்கு வேண்டாம்."

"தீ இல்லாட்டி கூட்டம் சேராது தோழர்" என்றது பூங்காவனம் என்ற முயல். அதற்கு ஏழு குட்டிகள்.

"நீ துண்டறிக்கை படிச்சிருக்கியா?"

"இல்ல."

"அப்ப பேசாம இரு."

தெற்குக் குட்டைக் கரையில் மண் இளகிக் கிடந்தது. அரங்கண்ணலே இறங்கித் தோண்டியது. சின்னக் குழியில் புதைத்தால் இயக்கத்துக்குக் கேவலம். முயல் ஆழம் போயிற்று, மான் ஆழம் போயிற்று. முழக்கம் உச்சத்துக்குப் போனபோது குழிக்குள் ஏதோ கொப்புளித்தது. கறுப்பாக.

பொழுது சாய்வதற்குள் தெற்குக் குட்டைக்கும் பாதுகாப்பு வந்துவிட்டது, முள்வேலியோடு. நரி கையில் மாலை.

"எங்க ஆளுங்க மூணு வருஷமா மோப்பம் பிடிச்சும் கிடைக்கலை. நீங்க ஒரே மூச்சுல கண்டுபிடிச்சுட்டீங்களே தோழரே!"

மறுநாள் அவசரக் கூட்டம். துரோகி அரங்கண்ணலின் கொடும்பாவியை எரிப்பதென்று ஒருமனதாகத் தீர்மானம். பழக்கதோஷத்தில் அரங்கண்ணலும் கை தூக்கியிருந்தது.

பொம்மை தயார். முள்கூட வைத்தாயிற்று. ஆனால் பச்சைக் கோரை. பூங்காவனம் காலி டின்னை நீட்டியது. அதன் பின்னால் குட்டிகள் தண்ணீர் கேட்டு முனகின.

"எண்ணெய் வாங்க எப்பவும் நீங்கதானே போவீங்க தோழர். படிவம் நிரப்ப எங்களுக்கு எழுத்து தெரியாது."

அரங்கண்ணல் டின்னை வாங்கிக்கொண்டு, வரிசையில் போய் நின்றது.

நீதி: அநீதியை எதிர்த்துத் தாராளமாகப் போராடு, ஆனால் யோசித்துப் போராடாதே. யோசிக்காமல் எரித்துக்கொண்டிருந்தவரை ஒரு குட்டையாவது இருந்தது.