மலை மேல் ஒரு வெள்ளத் தடுப்புக் கரை

வாழைப்பழத்துக்காக எங்கள் குழுவைப் போல் ஆழ்ந்து சிந்தித்தவர்கள் மனித வரலாற்றில் கிடையாது. ‘சர்வதேச வணிகப் பாதை வேளாண் பேரிடர் மதிப்பீட்டு உயர்மட்டக் குழு’ என்று பெயர். உலுவா ஆற்றுத் தோட்டங்கள் தொடங்கிக் கப்பலேறும் துறைமுகம் வரை எங்கே ஆபத்து என்று கண்டுபிடிப்பது எங்கள் திருப்பணி. வரைபடத்தில் சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் பாதுகாப்பு. நான் செயலாளர்.

டோன்யா எர்மெலிந்தாவின் தோட்டம் ஆற்றை ஒட்டியது. கரை உடைந்து வாய் பிளந்து கிடந்தது. அதைக் கட்டித்தரச் சொல்லி எட்டு மனு போட்டிருந்தாள். தலைவர் இஞ்சினியர் வென்செஸ்லாவோ கரையைப் பார்க்கவில்லை. வாழைத்தார்களில் கட்டியிருந்த நாடாக்களைப் பார்த்தார்.

“எல்லாம் பச்சை! இங்க ஆபத்தே இல்லையே, டோன்யா.”

“ஐயோ இஞ்சினியரே, அது தாரோட வயசுக்குக் கட்டுறது! வாரத்துக்கு ஒரு நிறம். அடுத்த வாரம் சிவப்பு கட்டுவோம்.”

“அப்ப அடுத்த வாரம் மனு போடுங்க.”

நான் வாழைத்தோப்பிலேயே பிறந்தவன். நாடா விஷயம் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் குழுவில் செயலாளர் எழுதத்தான் வேண்டும், பேசக்கூடாது. ‘பாதுகாப்பான பகுதி’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

மறு வாரம் மலை மேல் இருந்த ஒரு தோட்டத்துக்குப் போனோம். அந்த வார நாடா சிவப்பு. தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். போர்க்கால அடிப்படையில் அங்கே வெள்ளத் தடுப்புக் கரை எழும்பியது. இன்றுவரை ஒரு சொட்டு வெள்ளம்கூட அதைத் தாண்டியதில்லை.

நவம்பரில் ஆறு பெருகியது. ‘பாதுகாப்பான பகுதி’யில் ஒரு வாழைகூட மிஞ்சவில்லை. டோன்யா கூரை மேல் ஏறித்தான் உயிர் பிழைத்தாள்.

படிப்பினை பெறுவதற்காகக் குழு கூடியது. மேசை நிறைய பலியாதா ரொட்டிகள். இரண்டாவதைத் தலைவர் கடிக்கும்போது டோன்யா சேற்றுக் காலோடு உள்ளே வந்தாள். கையில் சிவப்பு நாடாச் சுருள். அதில் ஒரு துண்டை அவர் மணிக்கட்டில் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

“என்னம்மா இது?”

“சிவப்பைப் பாத்தாத்தானே உங்களுக்கு ஆபத்து தெரியும்? அதான், எங்க இருக்கோ அங்கயே கட்டிட்டேன்.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீ வாழைத்தோப்புப் புள்ளதானே? தெரிஞ்சுதானே எழுதின? கைய நீட்டு.”

நீட்டினேன். எங்கள் குழுவின் வரலாற்றில் பிழையே இல்லாத முதல் மதிப்பீடு அது.